24 மணி நேரமும் 12 மாதமும்

‘குண்டாஸ் போட்டுட்டாங்க’ என்பது டீக்கடை வரைக்கும் பழகிப்போன பேச்சாகிவிட்டது. விசாரணையே இல்லாமல் ஓர் ஆளை ஒரு வருஷம் உள்ளே வைக்கும் அந்த அதிகாரத்துக்கு வேர் எங்கே என்று தேடினால், நம் அரசமைப்புச் சட்டத்தில், அதுவும் அடிப்படை உரிமைகள் பகுதியிலேயே கிடைக்கிறது. பிரிவு 22.

அதன் முதல் இரண்டு உட்பிரிவுகளைப் படித்தால் மனம் நிறையும். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், விரும்பிய வக்கீலை வைத்துக்கொள்ள விட வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும். மூன்றாவது உட்பிரிவுக்கு வந்தால், தடுப்புக் காவலில், அதாவது செய்த குற்றத்துக்குத் தண்டனையாக அல்லாமல் இனி ஏதும் செய்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே அடைத்து வைக்கப்பட்டவருக்கு, இவை எதுவும் கிடையாது. போர்க்காலம், நெருக்கடிநிலை என்ற நிபந்தனைகூட இல்லை.

அம்பேத்கர் இதை அறியாதவர் அல்ல. உயிருக்கும் சுதந்திரத்துக்குமான பிரிவில் முதலில் இருந்த, சட்டமே நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்க இடம் தரும் ‘முறையான சட்ட நெறி’ என்ற கருத்து விடுபட்டு, ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்ற சொற்கள் வந்து உட்கார்ந்தன. 1949 செப்டம்பரில் இந்த 22ஐ அவையில் வைத்தபோது, அந்த இழப்புக்கு ஓர் ஈடு என்றே அவர் விளக்கினார். ஈடு போதவில்லை. 1950 ஜனவரி 26இல் அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது, பிப்ரவரியிலேயே தடுப்புக் காவல் சட்டம் வந்துவிட்டது. அதன்கீழ் மதராஸ் மாகாணச் சிறையில் வைக்கப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றம் போனார். சட்டம் என்று ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்காது என்பதே பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். மறுத்து எழுதிய நீதிபதி ஃபசல் அலியின் பார்வையை நீதிமன்றம் வந்தடைய 28 வருஷம் ஆனது, 1978இல் மேனகா காந்தி வழக்கில்.

‘குண்டாஸ்’ என்று நாம் சொல்லும் தமிழ்நாட்டின் 1982ஆம் வருஷத்து 14ஆம் சட்டம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஆணை போடுவது நீதிபதி அல்ல, கலெக்டர் அல்லது போலீஸ் கமிஷனர். 12 நாளைக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். காரணங்களை 5 நாளைக்குள் கைதி கையில் கொடுக்க வேண்டும். 3 வாரத்துக்குள் விஷயம், காவலுக்குப் போதிய காரணம் இருக்கிறதா என்று பார்க்கும் குழுவான அறிவுரைக் கழகத்துக்குப் போக வேண்டும், காவலில் வைத்த நாளிலிருந்து 7 வாரத்துக்குள் கழகம் அறிக்கை தர வேண்டும். அங்கே வக்கீல் வைத்து வாதாட உரிமை கிடையாது. கழகம் சரி என்றால் 12 மாதம் வரை உள்ளே.

பெரும்பாலும் ஆள் ஏற்கெனவே ரிமாண்டில் இருப்பார். ஜாமீனில் வந்துவிடுவார் என்று சொல்லி, சிறைக்குள்ளேயே ஆணையைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். 2011இல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்தது. காலாவதியான மருந்துக்குப் புது லேபிள் ஒட்டி விற்றதாகப் புகார். குற்றம் கொடியதுதான். ஆனால் ‘இதுபோன்ற வழக்குகளில் ஜாமீன் கிடைத்திருக்கிறது’ என்று ஆணையில் எழுதியவர்கள், எந்த வழக்கு, எந்தத் தேதி என்று ஒரு விவரமும் தரவில்லை. ஆணை ரத்தானது. ஜாமீன் தரக் கூடாது என்றால் அரசு வக்கீல் எழுந்து எதிர்க்கலாம், தந்துவிட்டால் மேல்முறையீடு போகலாம். அந்த உழைப்பைத் தவிர்க்க ஒருவர் சுதந்திரத்தையே பறிப்பதை என்னால் ஏற்க முடியாது.

‘டெக்னிக்கல் பாயிண்ட்டில் விட்டுட்டாங்க’ என்று கோபப்படுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காவலுக்கான ஆவணங்களைத் தொகுத்துக் கைதியிடம் தரும் புக்லெட்டில் படிக்க முடியாத ஜெராக்ஸ் பக்கம், தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு மொழிபெயர்க்காமல் கொடுத்த ஆங்கில ஆவணம், ஆணையை எதிர்த்து அரசுக்கு அனுப்பி, மேசையிலேயே கிடந்த மனு: ஆணைகள் உடைவது இவற்றால்தான். பிரிவு 22(5) கைதிக்கு விட்டுவைத்த ஒரே வழி, காரணத்தைப் புரிந்துகொண்டு மனு போடுவது. பக்கம் படிக்க முடியாவிட்டால் எதை மறுத்து எழுதுவார்? ராஜம்மாள் வழக்கில், அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்ததால் மனுவின் கோப்பு 5 நாள் காத்திருந்தது. அது காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. குடும்பத்தார் முதல் வாரத்திலேயே மனு போட்டு, ஒப்புகையைப் பத்திரமாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான். காவலே சட்டவிரோதம் என்று பிறகு உயர் நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு மனுவில் அந்தத் தேதிகள்தான் பேசும்.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. இதைத் திருத்த நாடாளுமன்றம் எப்போதோ எழுதிவைத்துவிட்டது. நெருக்கடிநிலையின் கொடுமை கண்டு கொண்டுவந்த 44ஆவது திருத்தம், கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் அடைத்துவைக்கும் 3 மாதத்தை 2 மாதமாகக் குறைத்தது. கழகத்தின் தலைவர் பதவியில் உள்ள உயர் நீதிமன்ற நீதிபதியாக இருக்க வேண்டும், மற்றவர்களும் பதவியில் உள்ள அல்லது ஓய்வுபெற்ற நீதிபதிகளாக இருக்க வேண்டும் என்றது. இப்போதோ நீதிபதி ஆகத் தகுதி இருந்தாலே போதும். இந்த மாற்றங்களைச் சொல்லும், அந்தத் திருத்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. ஏ.கே. ராய் வழக்கில் கேட்டபோது, அதை நடைமுறைப்படுத்தும்படி அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றமும் ஒதுங்கிக்கொண்டது.

நிர்வாகம் முடங்கும் என்ற சாக்கும் நிற்காது. தமிழ்நாட்டுச் சட்டத்தின் 7 வாரம் என்பது 49 நாள், அதுவே 2 மாதத்துக்குள் அடங்கிவிடுகிறது. புது மசோதா வேண்டாம், வாக்கெடுப்பு வேண்டாம், மத்திய அரசு அரசிதழில் ஒரு தேதி போட்டால் போதும். கட்சி பார்க்காமல் உங்கள் எம்.பி.யிடம் அந்தத் தேதியைக் கேளுங்கள்.