பேரை மட்டும் போட்டாப் போதும் அக்கா

பொங்கல் விழா முடிந்து பார்க்கிங்கில் பாத்திரங்களைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். தமிழ்ப் பள்ளியில் பார்த்துப் பழகிய தம்பி ஒருவர் வேகமாக வந்தார். "அக்கா, பையன் அடுத்த வருஷம் மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்றான். ரிசர்ச் மட்டும்தான் இடிக்குது. உங்க லேப்ல வர்ற ஏதாவது ஒரு பேப்பர்ல பேரை மட்டும் போட்டாப் போதும்." கூட ரெண்டு வடை வைக்கச் சொல்வது மாதிரி கேட்டார்.

ஊரில் இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்காவில் நீட் மாதிரி ஒரே மார்க்கில் கதை முடியாது. முதலில் ஒரு டிகிரி, 528 மார்க்குக்கு எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு, அப்புறம் விண்ணப்பம். எம்.டி. (இங்கே டாக்டர் ஆவதற்கான முதல் மருத்துவப் பட்டமே இதுதான்) கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் அதிகபட்சம் 15 அனுபவங்களை எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் இடைவெளியோடு சேர்த்து 700 எழுத்து. மூன்றே மூன்றுக்கு மட்டும் கூடுதலாக 1,325. எத்தனை மணி நேரம் செய்தாய், கேட்டால் யார் சொல்வார்கள் என்றும் போட வேண்டும். அந்த 'யார்' நான்தான். தம்பி என்னிடம் கேட்டது பேரை அல்ல, பொய்ச்சாட்சியை.

எங்கள் லேபுக்கு ஒவ்வொரு சம்மரும் மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராகும் ரெண்டு மூன்று பிரீமெட் பிள்ளைகள் வருவார்கள். ஒரு பெண்ணை மறக்கவே முடியாது. பிசிஆர் என்பது டிஎன்ஏ-வைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை. அதைப் போடும்போது கடைசி ட்யூபில் டிஎன்ஏ-வுக்குப் பதில் வெறும் தண்ணீர் விடுவோம். அதில் எதுவும் தெரியக்கூடாது. அவள் முடிவைக் காட்டும் ஜெல்லை யூவி வெளிச்சத்தில் வைத்தால், தண்ணீர் ட்யூபுக்கான வரிசையும், அதாவது லேனும், மற்றதைப் போலவே பளிச்சென்று மின்னியது. தண்ணீரை மாற்றினாள். நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் பிரைமரைப் புதிதாகக் கரைத்தாள். அப்படியும் மின்னியது. மூன்று வாரம் கழித்துத்தான் பிடிபட்டது: முடிந்த பிசிஆரை ஜெல்லில் ஏற்றும் அதே பிப்பெட்டை (திரவத்தை அளந்து எடுக்கும் கருவி) வைத்தே அடுத்த பிசிஆரையும் கலக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். பிப்பெட்டுக்குள்ளேயே பழைய டிஎன்ஏ. தனி பிப்பெட், தனி மேஜை என்று பிரித்ததும் அந்த லேன் இருண்டது. இருட்டைப் பார்த்து ஒருத்தி துள்ளிக் குதித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அதிலிருந்து பேப்பர் எதுவும் வரவில்லை. இன்டர்வியூவில் அந்தத் தண்ணீர் ட்யூபைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினாளாம். இடம் கிடைத்தது. அதனால்தான் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். கடைசி நாட்களில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸில் வாராவாரம் போய் உட்கார்ந்தவள் அவள்.

இன்னொரு பையன், காசு கட்டிச் சேரும் ரிசர்ச் புரோகிராமில் வாங்கிய பேப்பர்களோடு வந்தான். மாதிரி இன்டர்வியூ எடுக்கச் சொன்னார்கள். "இத்தனை நோயாளிகள் போதும்னு எப்படி முடிவு பண்ணீங்க?" என்று கேட்டேன். அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

என்னைக் கேட்டால், எம்.டி.க்கு ரிசர்ச் பெரும்பாலான இடங்களில் கட்டாயம் இல்லை. சேருகிறவர்களில் பெரும்பாலோரிடம் கொஞ்சமாவது இருக்கும் என்பதும் உண்மை. பயம் வருவது நியாயம்தான். எம்.டி.-பி.எச்.டி. கதை வேறு. டாக்டர் பட்டமும் ஆராய்ச்சிப் பட்டமும் சேர்ந்த ஏழெட்டு வருஷப் படிப்பு. அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச் 1964-லிருந்து பணம் போட்டு வளர்ப்பது. அங்கே ஆராய்ச்சி அனுபவத்துக்கென்றே 10,000 எழுத்தில் தனிக் கட்டுரை கேட்கிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் 1839-லிருந்து மருத்துவ மாணவர்கள் ஆய்வேடு எழுதியாக வேண்டும். லேப் பிடித்த பிள்ளை அங்கெல்லாம் போகட்டும். சின்ன ஊரில் குடும்ப டாக்டராக உட்கார நினைக்கும் பிள்ளையை எதற்கு எலிக்கூண்டுப் பக்கம் தள்ளுகிறோம்?

ஏனென்றால் நமக்கு லேப் என்றால் கௌரவம். வெள்ளைக் கோட்டுப் போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடலாம். முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டிக்குச் சோறு ஊட்டியதைப் போட முடியுமா? "பெட் தள்றதுக்கா இவ்ளோ படிக்க வச்சோம்" என்று ஒரு அம்மா என்னிடமே கேட்டிருக்கிறார். டாக்டர் ஆனதும் அந்த பெட்டில் படுத்திருப்பவர் பக்கத்தில்தானே நிற்கப்போகிறான்?

இதில் எங்கள் லேபுக்கும் குட்டு உண்டு. முதல் சம்மர் சம்பளம் கிடையாது. மளிகைக்கடையில் வேலை பார்த்து ஃபீஸ் கட்டும் பிள்ளை எப்படி வரும்? வருவதெல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான். மீட்டிங்கில் ரெண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

தம்பிக்கு அன்றிரவே மெசேஜ் போட்டேன்: "பேப்பரில் பேர் வர வேலை செய்திருக்கணும், எழுதியதைப் படிச்சுத் திருத்தியிருக்கணும், தப்பு வந்தா பொறுப்பேத்துக்கணும். பையனை மே மாசம் வரச் சொல்லுங்க. முதல் ரெண்டு வாரம் பிப்பெட் முனையில மாட்டுற டிப்பைப் பெட்டியில நிரப்புற வேலை."

ரெண்டு ப்ளூ டிக். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் போன வாரம் பையனே தனியாக மெயில் போட்டிருக்கிறான். அப்பாவுக்குத் தெரிய வேண்டாமாம், அவனுக்கு லேப் பிடிக்கவில்லையாம். ஆம்புலன்ஸில் இஎம்டி-யாக (அவசர சிகிச்சை உதவியாளராக) போக எங்கே பயிற்சி எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறான்.