வாவிக்கு இல்ல, கடக்கிறவளுக்கு இருக்கு

வியாழக்கிழமை மண்டபத்தில நடந்ததப் பத்தி எழுதாம விடுவம் எண்டுதான் மூண்டு நாளா இருந்தன். முடியல்ல. பெண்ணியப் புவியியல்ல, வாவி கடக்கிற பொம்பிளையளப் பத்தி ஆய்வு செய்யப் போற ஒரு பிள்ள தன்ட தலைப்ப வாசிச்சு முடிக்க முதலே "வாவிக்கும் மழைக்கும் ஆம்பிள பொம்பிள இருக்கா? இது பெண்ணியம், புவியியல் இல்ல" எண்டார் ஒரு பெரியவர். கனபேர் சிரிச்சீங்க. பிள்ள கடுதாசிய மடிச்சுக்கொண்டு இருந்திட்டா.

வாவிக்கு இல்ல சேர். கடக்கிறவளுக்கு இருக்கு. மட்டக்களப்பு வாவியில, குருமண்வெளியில இருந்து மண்டூருக்குப் பாதையில (ஆக்களையும் வண்டியளையும் ஏத்துற மிதவையில) போற தூரம், மோட்டார் சைக்கிள் வச்சிருக்கிற பொடியனுக்கு ஒண்டு. இருட்ட முதல் வீட்ட வந்திரு எண்டு சொல்லி வளத்த பொம்பிளப் பிள்ளைக்கு வேறொண்டு. வரைபடத்தில ரெண்டும் ஒரே அளவு. தூரமும் எல்லையும் நிலமும் புவியியல் எண்டா இதுவும் புவியியல்தான்.

"வெள்ளைக்காரர்ட சாமான்" எண்டு கீழ எழுதப் போறீங்க, தெரியும். ஓம், மனிதப் புவியியல்ல மனிசரில பாதிய விட்டிட்டம் எண்டு மொங்க், ஹான்சன் எண்ட ரெண்டு பொம்பிளையள் 1982ல எழுதினது அமெரிக்காவிலதான். பெண்ணியத்தையும் புவியியலையும் பத்தின கிலியன் ரோஸ்ட புத்தகம் 1993, இங்கிலாந்து. உயர்தரத்தில நாம பாடமாக்கின வொன் தியூனனும் கிறிஸ்டாலரும் ஆர்? ரெண்டு பேரும் ஜேர்மன்காரர். சந்தையச் சுத்தின பயிர்ச்செய்கைக்கு முதலாமவர்ட வட்டத்தையும், நகரங்கள் அமையிறதுக்கு மற்றவர்ட அறுகோணத்தையும் கீறேக்க ஒருத்தரும் ஊர் கேக்கல்லயே.

எங்கட பெரியம்மாட நாவலடி வளவு அவட அம்மா சீதனமாக் குடுத்தது. இஞ்ச வீடு மகளுக்குத்தான், உங்களுக்குச் சொல்லத் தேவல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிணத்துக் கட்டு மட்டும்தான் மிச்சம். அதில நிண்டு, முருங்கை இஞ்சால, வேலி அங்கால எண்டு அடி வச்சு அளந்து காட்டினவ பெரியம்மா. திராய்மடுவில புது வீட்டுக்குப் பதிய வந்தவங்க "குடும்பத் தலைவர் ஆர்?" எண்டு கேட்டுப் பெரியப்பாட பேர எழுதிக்கொண்டு போனாங்க. தலைமுறையாத் தாய்ட்ட இருந்து மகளுக்கு வந்த வீடு ஒரு படிவத்தில கை மாறிச்சு. இத எந்தப் பாடத்தில படிக்கிறது?

"கடல் எல்லாரையும்தானே கொண்டு போச்சு." ஓம், என்ட மாமாவையும்தான். ஆனா பொம்பிளையள்தான் கூட. 2005ல ஒக்ஸ்பாம் எண்ட தொண்டு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை சொன்ன காரணங்கள்ல ஒண்டு, நீந்தவும் மரம் ஏறவும் ஆம்பிளப் பிள்ளையளுக்குத்தான் பழக்குவாங்க எண்டது. அண்ணாவுக்கு அப்பா வாவியில நீச்சல் பழக்கேக்க நான் கரையில இருந்து அவங்கட உடுப்பப் பாத்துக்கொண்டு இருந்தன். இப்பவும் எனக்கு நீந்தத் தெரியாது. நினைச்சா கோவம் வருதா அழுகை வருதா எண்டு தெரியல்ல.

அண்டைக்கு நானும் எழும்பிக் கதைக்கல்ல. அதான் கூட வலிக்குது. பிள்ள, தலைப்ப மாத்தாத. திங்கக்கிழமை பின்னேரம் கடைசிப் பாதைக்கு நானும் வாறன். கரையில ஆர் ஆர் நிக்கிறாங்க எண்டு ரெண்டு பேரும் இருந்து எழுதுவம்.