சாஸரின் கால்சட்டையும் சமையல்கட்டுப் பையன்களும்

இடைக்கால இங்கிலாந்தில் பிரபு வீட்டுப் பையனுக்கு 7 வயது ஆனதும் மூட்டை கட்டி இன்னொரு பெரிய வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அவன் ‘பேஜ்’. எஜமான் கை கழுவத் தண்ணீர் ஊற்ற வேண்டும், பந்தியில் பரிமாற வேண்டும், சேதி கொண்டுபோக வேண்டும். 14 வயது வாக்கில் ஸ்குவயர், அதாவது வீரனுக்கு உதவியாளன் ஆவான், தேறினால் 21-ல் நைட் என்ற வீரப் பட்டம்.

வீரத்தையும் பண்பையும் வளர்த்த பயிற்சி என்று இதைச் சிலாகிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. பயிற்சி இருந்தது, சரி. ஆனால் பெற்றவர்கள் கணக்குப் போட்டது சிபாரிசுக்கு. கடிதத்துக்குப் பதில் பிள்ளையையே அனுப்பினார்கள்.

‘கேன்டர்பரி கதைகள்’ எழுதிய கவிஞர் ஜெஃப்ரி சாஸரை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் ஒயின் வியாபாரியின் மகன். 1357-ல் அல்ஸ்டர் சீமாட்டி எலிசபெத் வீட்டுச் செலவுக் கணக்கில் அவர் பெயர் வருகிறது: குட்டைச் சட்டை, சிவப்பும் கறுப்புமாகக் கால்சட்டை, காலணி. அவரைப் பற்றிக் கிடைத்திருக்கும் முதல் எழுத்துச் சான்றே இந்தத் துணிக்கணக்குதான். (அந்தத் தாளும் வேறொரு சுவடிக்கு அட்டை கட்டப் பயன்பட்டதால் தப்பியது!) சீமாட்டியின் கணவர் ராஜா மூன்றாம் எட்வர்டின் மகன். அப்புறம் பிரான்ஸில் சாஸர் போர்க்கைதியானபோது, 1360-ல் மீட்புப் பணத்துக்கு அந்த எட்வர்டே 16 பவுண்டு கொடுத்தார். வியாபாரி மகனுக்கு ராஜா பணம் கட்டுகிறார் என்றால் அந்தக் கால்சட்டையின் மதிப்பை யோசித்துப் பாருங்கள்.

‘உட்டோபியா’ எழுதிய தாமஸ் மோர் கதையும் இதேதான். 12 வயதில் லாம்பெத்தில் ஆர்ச்பிஷப் மார்ட்டன் வீட்டில் பரிமாறினார். கிறிஸ்துமஸ் நாடகத்தில் திடீரென்று நடுவே புகுந்து சொந்தமாக வசனம் பேசுவாராம். மார்ட்டன் அசந்துபோய் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பிவைத்தார்.

1500 வாக்கில் இங்கிலாந்து வந்த வெனிஸ்காரர் ஒருவர், இவர்களுக்குப் பிள்ளைப்பாசமே இல்லை என்று எழுதினார். பாதிதான் சரி என்பேன். பாசம் இருந்தது, அதைவிட ஆசை பெரிதாக இருந்தது.

ஆனால் அதே மாதிரி வீடுகளில் அடுப்படியிலும் பையன்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சிபாரிசு கிடையாது, துணியே கிடையாது. எட்டாம் ஹென்றியின் அரண்மனைக்காக 1526-ல் வந்த எல்தம் விதிகள், எடுபிடிகள் அம்மணமாகவோ அழுக்குக் கந்தலிலோ திரியக் கூடாது, ராத்திரி அடுப்போரம் படுக்கக் கூடாது என்று சொல்கின்றன. அவர்களுக்கு உடை வாங்கித் தரவென்று தலைமைச் சமையல்காரர்களுக்குத் தனியாகப் பணமும் ஒதுக்கினார்கள்.