இரத்தத்தில் புற்றுநோயைத் தேடுங்கள், ஆனால் இனிப்பு நீரை மறந்துவிடாதீர்கள்

பெருங்குடல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே காட்டிக்கொடுக்கும் ஓர் இரத்தப் பரிசோதனை வரவேண்டும் என்று மனதார விரும்புகிறவள் நான். பினாங்கில் பல வருடம் ஆய்வுக்கூட வேலையில் இருந்திருக்கிறேன். அந்தப் பரிசோதனை வந்தால் நம்மவர்களில் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

பிறையில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்த மருத்துவ முகாமுக்கு உதவிக்குப் போயிருந்தேன். இனிப்பு நீர் (நீரிழிவு), இரத்த அழுத்தம், கொழுப்பு பார்க்கும் மேசைகளில் வரிசை வாசல்வரை நின்றது. பக்கத்து மேசையில், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் மலப் பரிசோதனைக் குப்பிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் ஆளே இல்லை. ஓர் அம்மா மட்டும் வந்து ஒரு குப்பியைக் கையில் எடுத்து, "இது எதுக்கும்மா?" என்று கேட்டார். சொன்னதும் குப்பியை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, "வேணாம்மா. இரத்தம்னா எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோ" என்று கையை நீட்டினார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் வீடுகளில் மலத்தைப் பற்றிப் பேசுவதே கூச்சம். அதில் இரத்தம் தெரிந்தால் கேட்கவே வேண்டாம். "சூடு ஏறியிருக்கும், இளநீர் குடி" என்பார் ஒருவர். "மூலமாக இருக்கும், துத்திக்கீரை சாப்பிடு" என்பார் இன்னொருவர். என் தாய்மாமாவுக்கும் இப்படித்தான் ஆனது. வருடக்கணக்கில் மூலம் என்றே நினைத்து மருந்து போட்டுக்கொண்டிருந்தார். உடம்பு வெளிறி, படி ஏற மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான், கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்தார்கள். அதற்குள் நோய் மூன்றாம் நிலைக்குப் போயிருந்தது.

மாமா மாதிரி எத்தனையோ பேர். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில், மலேசிய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் பெருங்குடல் புற்றுநோய்தான் முதலிடம். பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடம். கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 10 பேருக்கு ஏறக்குறைய 7 பேர் மூன்றாம் அல்லது நான்காம் நிலையில் வந்தவர்கள். இத்தனைக்கும் இது அவசரமாக வளரும் நோய் இல்லை. குடல் சுவரில் சின்ன மொட்டுபோல ஒரு பாலிப் தோன்றி அது புற்றாக மாறப் பெரும்பாலும் 10 வருடம்போல ஆகும். அவ்வளவு அவகாசம் இருந்தும் தவறவிடுகிறோம்.

அதனால்தான் இரத்தத்தில் தேடும் ஆராய்ச்சிகளை நான் விடாமல் படிக்கிறேன். அவற்றில் என்னை அதிகம் ஈர்ப்பது வளர்சிதை மாற்றக் குறியீடுகள், அதாவது செல்கள் உணவைப் பயன்படுத்தும்போது இரத்தத்தில் கூடிக் குறையும் பொருள்கள். புற்றுச் செல் சாப்பிடுகிற முறையே வேறு. பிராணவாயு தாராளமாக இருந்தாலும் குளுக்கோஸை அள்ளி விழுங்கி லாக்டேட் என்ற கழிவாகத் துப்பும். ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் இதை 1920களிலேயே கவனித்துச் சொன்னார். குளுக்கோஸோடு நிற்பதில்லை. அமினோ அமிலங்கள், கொழுப்பு வகைகள், பித்த அமிலங்கள், குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் பொருள்கள் எல்லாவற்றிலும் அந்த மாற்றம் தெரியும். ஆளில்லாத வீட்டில் மின்சார மீட்டர் ஓடினால் உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வோம் அல்லவா, அதுபோலத்தான் இதுவும். கட்டியைக் கண்ணால் பார்க்காமலே, அது செய்யும் செலவையும் கழிவையும் வைத்து அது இருப்பதை ஊகிக்கிறார்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவியால் சில சொட்டு இரத்தத்திலேயே நூற்றுக்கணக்கான பொருள்களை அளக்க முடிகிறது.

ஜப்பானில் கோபே பல்கலைக்கழகத்தார் 2012-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். 2-ஹைட்ராக்சிபியூட்டிரேட், அஸ்பார்ட்டிக் அமிலம், கைனுரெனின், சிஸ்டமின் என்ற நான்கு பொருள்களை மட்டும் வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். நோயாளிகளில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்களை அது சரியாகக் காட்டியது. தொடக்க நிலை நோயாளிகளையும் அதே அளவுக்குக் காட்டியது. இரத்தத்தில் ஒரு புரதத்தை அளக்கும் பழைய சிஇஏ பரிசோதனை அதன் பக்கத்திலேயே வரவில்லை. படித்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

சரி, அப்படியானால் நாளைக்கே பட்டர்வொர்த்துக்கும் கிள்ளானுக்கும் கொண்டுவந்துவிடலாமா? கூடாது என்பேன். காரணம் நம் உடம்பில்தான் இருக்கிறது.

அந்த நான்கில் முதலாவதான 2-ஹைட்ராக்சிபியூட்டிரேட்டை, இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பை முன்கூட்டியே காட்டும் குறியீடாகவும் ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். அதாவது, இனிப்பு நீர் வரப்போகிறவருக்கும் அது ஏறும். கைனுரெனின், சிறுநீரகம் பழுதுபட்டவர்களின் இரத்தத்தில் தேங்கும். இனிப்பு நீர்க்காரர்கள் தினமும் விழுங்கும் மெட்ஃபார்மின் மாத்திரையே சில அமினோ அமிலங்களின் அளவை மாற்றிவிடும். இப்போது நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் பார்த்தால் 31 விழுக்காட்டுக்கும் மேல். எல்லா இனத்தையும்விட நாம்தான் அதிகம். டயாலிசிஸ் மையத்துக்கு வாரம் மூன்று முறை போய்வரும் ஒருவராவது இல்லாத தமிழ்க் குடும்பத்தைக் காட்டுங்கள் பார்ப்போம்.

வேறு நாட்டில், வேறு உணவு சாப்பிடும் மக்களிடம் பார்த்து வரைந்த கோட்டை அப்படியே நம் இரத்தத்தின்மேல் போட்டால் என்ன ஆகும்? இனிப்பு நீரைப் புற்றுநோய் என்று சொல்லிப் பயமுறுத்தலாம். அதைவிட மோசம், உண்மையான புற்றுநோயை "இது சர்க்கரையால் வந்த மாற்றம்" என்று ஒதுக்கிவிடலாம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பே மற்றவர்களைவிட அதிகம் என்பதும் தெரிந்த விஷயம். யாருக்குப் பரிசோதனை மிகவும் தேவையோ, அவர்களிடம்தான் அது குழம்ப வாய்ப்பு அதிகம். என் கவலை முழுக்க இதுதான்.

ஆய்வுக்கூடத்தில் நின்றவள் என்பதால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். இரத்தம் குழாய்க்குள் போனபின்னும் அதிலுள்ள செல்கள் உயிரோடுதான் இருக்கும். குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், லாக்டேட்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பிரித்தெடுக்காமல் வெளியில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு குளுக்கோஸ் குறைந்துவிடும். அதற்காகத்தான் சர்க்கரை பார்க்கும் இரத்தத்தை ஃபுளோரைடு போட்ட சாம்பல் நிற மூடிக் குழாயில் எடுக்கிறார்கள். சாதாரண குளுக்கோஸுக்கே இந்தக் கதை. நூறு பொருளை நுணுக்கமாக அளக்கும் பரிசோதனைக்கு, நிபோங் திபாலில் காலையில் எடுத்த இரத்தம் வெயிலில் வேனில் கிடந்து மத்தியானம் பினாங்குத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தால் அளவு என்னவாகும்? பசியாறிவிட்டு வந்தாரா, வெறும் வயிற்றோடு வந்தாரா என்பதும் முடிவை மாற்றும். ஆராய்ச்சிக் கட்டுரையில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். நம் கிளினிக்கில் திங்கட்கிழமைக் காலை நடப்பது வேறு.

வெளிநாட்டில் ஏற்கெனவே அனுமதி வாங்கிய இரத்தப் பரிசோதனைகளும் உண்டு. அமெரிக்காவில் 2024 ஜூலையில் ஷீல்டு என்ற பரிசோதனைக்கு அனுமதி கிடைத்தது. அது வளர்சிதை மாற்றப் பொருள்களைப் பார்ப்பதில்லை, இரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ துணுக்குகளைப் பார்க்கிறது. அதன் பெரிய ஆய்வில் 83 விழுக்காட்டுப் புற்றுநோய்களைப் பிடித்தது. ஆனால் புற்றாக மாறக்கூடிய முற்றிய பாலிப்புகளில் 13 விழுக்காட்டைத்தான் பிடித்தது. பாலிப்பாக இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட்டால் புற்றுநோயே வராமல் தடுக்கலாம். அந்த விஷயத்தில் இரத்தம் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

அதே ஆய்வில், பெரிய கோளாறு எதுவும் இல்லாதவர்களில் 10 விழுக்காட்டினருக்குத் தவறாக 'இருக்கலாம்' என்று வந்தது. ஒரு பேச்சுக்கு 1,000 பேரைச் சோதிக்கிறோம், அதில் 5 பேருக்குத்தான் நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 5 பேரில் 4 பேரைப் பிடிப்போம். கூடவே நோயில்லாத 100 பேர்போலக் கலங்கிப்போய் வீட்டுக்குத் திரும்புவார்கள். அவர்கள் அத்தனை பேருக்கும் கொலனோஸ்கோப்பி செய்தாகவேண்டும். அரசாங்க மருத்துவமனையில் அதற்குத் தேதி வாங்கக் காத்திருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இதையெல்லாம் சொல்லாமல், 'புற்றுநோய்க் குறியீடு' என்று பெயர் போட்டு சில தனியார் ஆய்வுக்கூடங்கள் நூற்றுக்கணக்கான வெள்ளிக்குப் பேக்கேஜ் விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அதில் பெருங்குடலுக்கென்று பெரும்பாலும் இருப்பது சிஇஏ மட்டும்தான். அது நோய் உறுதியானவர்களுக்குச் சிகிச்சைக்குப் பின் கண்காணிக்கப் பயன்படுவது. புகை பிடிப்பவர்களுக்கும் ஏறும், கல்லீரல் கோளாறிலும் ஏறும். தொடக்க நிலைப் புற்றுநோயில் பலருக்கு ஏறாமலும் இருக்கும். 'நார்மல்' என்று அச்சடித்த தாளை வாங்கிக்கொண்டு, மலத்தில் இரத்தம் போனாலும் கவலைப்படாமல் இருந்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் நடத்திவரும் மலேசியக் கோஹோர்ட் ஆய்வில், 2012 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என எல்லோரும் அதில் இருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த இரத்த மாதிரிகள் கோலாலம்பூரில் செராஸில் உறைநிலையில் பாதுகாக்கப்படுகின்றன. நோய் வருவதற்கு முன்பே எடுத்த இரத்தம் அது. அப்புறம் யாருக்கு என்ன நோய் வந்தது என்றும் தொடர்ந்து பார்க்கிறார்கள். இந்தக் குறியீடுகளை நம் நாட்டில் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல களம் ஏது? எந்த வெளிநாட்டு இரத்தப் பரிசோதனை இங்கே விற்பனைக்கு வந்தாலும், இனிப்பு நீர் உள்ள மலேசிய இந்தியர்களிடம் தனியாகச் சோதித்த முடிவு எங்கே என்று சுகாதார அமைச்சு முதலில் கேட்கவேண்டும். மக்கள்தொகையில் நாம் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. பொதுவான சராசரிக்குள் நம் கணக்கு காணாமலே போய்விடும். நம் மருத்துவர் சங்கங்களும் அரசியல்வாதிகளும் இதை இப்போதே எழுப்பவேண்டும்.

அதுவரை? அந்தக் குப்பிதான். 50 முதல் 75 வயதுவரை உள்ளவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் போய்க் கேட்கலாம். முன்போல ஆட்டிறைச்சி சாப்பிடாதே, இதைத் தொடாதே என்ற பத்தியம் எதுவும் இல்லை, ஏனென்றால் அது மனித இரத்தத்தை மட்டும்தான் தேடுகிறது. மலம் தண்ணீரில் விழுவதற்கு முன் ஒரு பழைய நாளிதழில் பிடித்துக்கொள்ளுங்கள். மூடியோடு ஒட்டியிருக்கும் குச்சியால் மேலாக நாலைந்து இடத்தில் குத்தி எடுத்து, குப்பிக்குள் விட்டு மூடிவிட்டால் வேலை முடிந்தது. கையில் எதுவும் படாது, வாடையும் வெளியே வராது. முடிவு பாசிட்டிவ் என்று வந்தால் கொலனோஸ்கோப்பிக்குப் போயே ஆகவேண்டும். "மூலமாக இருக்கும்" என்று அங்கேயே நின்றுவிடாதீர்கள். நெகட்டிவ் என்றாலும் அதோடு முடிந்துவிடவில்லை, கிளினிக்கில் சொல்லும் இடைவெளியில் திரும்பச் செய்யவேண்டும்.

மலத்தில் இரத்தம் போகிறவர்கள், காரணமில்லாமல் எடை குறைகிறவர்கள், இரத்தசோகை வந்தவர்கள் குப்பிக்காகவும் காத்திருக்க வேண்டாம், நேராக டாக்டரைப் பாருங்கள். அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்று நெருங்கிய இரத்த உறவில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், உங்களுக்குப் பொதுவான 50 வயதுக் கணக்கு பொருந்தாது. 40 வயதிலேயே, அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதுக்கு 10 வருடம் முன்பே, இதில் எது முதலில் வருகிறதோ அப்போதே டாக்டரிடம் கொலனோஸ்கோப்பி பற்றிக் கேளுங்கள். என் மாமாவின் பிள்ளைகள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து இப்போது தேதி வாங்கியிருக்கிறார்கள்.