கைபேசி ஊழியருடையது, ரகசியம் யாருடையது?

நான் நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் அரிசி ஆலையின் முதலாளி, சென்ற மாதம் 14 பக்க ஆங்கில ஆவணம் ஒன்றை என் மேசையில் வைத்தார். அலுவலகக் கணினி, இணையம், மின்னஞ்சல், கைபேசி ஆகியவற்றை ஊழியர்கள் எப்படிப் பயன்படுத்த வேண்டும், நிறுவனத்தின் ரகசியத் தகவல்களை எப்படிக் காக்க வேண்டும் என்பதற்கான விதிகள் அவை. வேறொரு நிறுவனத்துக்காக எழுதப்பட்டிருந்ததைத் தணிக்கையாளர் அனுப்பியிருந்தார். "எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி ஃபைல்ல போட்டுடுங்கம்மா" என்றார் முதலாளி. நான் வாங்கவில்லை. தமிழில் எழுதித் தருகிறேன், ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள் என்று கேட்டேன்; கொடுத்தார். அந்த ஒரு மாதத்தில் யோசித்தவற்றை, நம் டெல்டா மாவட்டங்களில் சிறிய, நடுத்தர நிறுவனங்களை நடத்துபவர்களும் அவற்றில் வேலை பார்ப்பவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

இந்த ஆலைக்கு வருவதற்கு முன் கும்பகோணம் பக்கத்தில் ஒரு தனியார் நகைக்கடன் நிறுவனத்தின் கிளையில் 17 ஆண்டுகள் வேலை பார்த்தேன். காவிரிப் படுகையில் நகைக்கடன் விவசாயத்தோடு பிணைந்த தொழில். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர்வதற்கு முன்பே விதைக்கும் உழவுக்கும் நடவுக் கூலிக்கும் கையில் பணம் வேண்டும் என்பதால், வளையலும் சங்கிலியும் அடகுக்கு வரத் தொடங்கிவிடும். சம்பா அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் கைக்கு வந்த பிறகு மாசி, பங்குனியில் திருப்புவார்கள். எந்த வீட்டு நகை எத்தனை பவுன், திருப்பிவிட்டார்களா, ஏலத்துக்குப் போகிறதா என்பதெல்லாம் கிளையில் இருக்கும் ஐந்தாறு பேருக்குத் தெரியும். தாலிக்கொடியை வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு போகும் பெண், அதைப் பிறந்த வீட்டுக்குக்கூடச் சொல்லியிருக்க மாட்டார். அந்த ரகசியம் அவருடையது. நாங்கள் அதற்குக் காவல் இருந்தோம், அவ்வளவுதான்.

அந்தக் கிளையில், தவணை கடந்த கணக்குகளின் பட்டியலைத் தினமும் காலையில் மேலிடத்திலிருந்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவார்கள். பெயர், ஊர், கைபேசி எண், நகையின் எடை, நிலுவைத் தொகை எல்லாம் அதில் இருக்கும். குழுவில் இருந்த கைபேசிகள் அத்தனையும் எங்கள் சொந்தக் கைபேசிகள். ரீசார்ஜ் செலவும் எங்களுடையதே. ஒரு நாள், வசூல் பிரிவில் இருந்த இளைஞர் ஒருவரின் கைபேசியை வீட்டில் உறவினர் ஒருவர் எடுத்துப் பார்த்திருக்கிறார். பட்டியலில் தெரிந்த பெயர் ஒன்று இருந்திருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு ஒருவருக்கு அனுப்பிவிட்டார். மூன்றே நாளில் அது அந்தப் பெண்மணியின் சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மகளுக்கு நிச்சயம் முடிந்து, கல்யாணத்துக்கு ஒரு மாதமே இருந்த நேரம். அவர் கிளைக்கு வந்து யாரையும் திட்டவில்லை. என் எதிரே உட்கார்ந்து, "நீங்க சொல்லலைன்னு தெரியும்மா, ஆனா இங்கேருந்துதான் போயிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அந்த இளைஞருக்கு வேலை போனது. சேரும்போது அவர் கையெழுத்திட்ட ஆங்கிலத் தாளில், ரகசியத் தகவல் எதையும் தனிப்பட்ட கருவியில் வைத்திருக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. விசாரணையில் அதைத்தான் எடுத்துக் காட்டினார்கள். அந்தப் பட்டியலை அவருடைய தனிப்பட்ட கருவிக்கு நாள் தவறாமல் அனுப்பியவர்கள் யார் என்று நான் எழுத்து மூலமாகக் கேட்டேன். பதில் வரவில்லை.

ஊழியருக்கும் பொறுப்பு உண்டு. கைபேசியைப் பூட்டி வைத்திருக்க வேண்டியது அவர் கடமை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 72ஏ பிரிவு, ஒப்பந்தத்தின்படி வேலை செய்யும்போது கைக்கு வந்த ஒருவரின் சொந்தத் தகவலை, அவருக்கு இழப்பு ஏற்படுத்தும் எண்ணத்தோடோ ஏற்படும் என்று தெரிந்தோ, அவர் சம்மதமின்றி வெளியிடுபவருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. அப்படி அறிந்து செய்பவர்களைக் காப்பாற்ற நான் வரவில்லை. ஆனால் தன் வேலை முழுவதையும் ஊழியரின் சொந்தக் கைபேசியில் ஓட்டிக்கொண்டிருக்கும் நிறுவனத்துக்கு, 'தனிப்பட்ட கருவியில் வைக்காதே' என்று விதி எழுதும் தகுதி கிடையாது என்பதே என் உறுதியான கருத்து. முதலில் கருவியைக் கொடுக்க வேண்டும். பிறகுதான் விதியைக் கொடுக்க வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 கூட, தகவலைப் பாதுகாக்கும் கடமையைத் தரவைக் கையாளும் நிறுவனத்தின் மீதே வைக்கிறது. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று அந்தச் சட்டம் சொல்வது நிறுவனத்துக்குத்தான். மாதம் 14,000 ரூபாய் வாங்கும் வசூல் ஊழியருக்கு அன்று. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கின்றன. கையெழுத்துத் தாளை வாங்கி வைத்துக்கொண்டால் பொறுப்பு ஊழியர் தலைக்குப் போய்விடும் என்று நினைக்கும் முதலாளிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது மொழி. தமிழில் எழுதுகிறேன் என்று நான் சொன்னபோது, சட்ட விஷயத்தைத் தமிழில் எழுதினால் நீதிமன்றத்தில் நிற்குமா என்று ஆலையில் சிலர் தயங்கினார்கள். இந்தத் தயக்கத்துக்குக் காரணமே இல்லை. தொழிலக வேலைவாய்ப்பு (நிலையாணைகள்) சட்டம் 1946-லேயே, சான்றளிக்கப்பட்ட நிலையாணைகளை, அதாவது நிறுவனம் தொழிலாளர்களுக்கு வகுக்கும் வேலை விதிகளை, ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும், அவர்கள் நுழையும் வாயிலில் பலகை வைத்து ஒட்ட வேண்டும் என்று 9-ஆம் பிரிவு விதித்தது. சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டு அது. 2023 சட்டமும், தகவல் தருபவருக்குக் கொடுக்கும் அறிவிப்பை அவர் ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. நம் ஆலையில் எடைமேடையில் இருப்பவர் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். நெல் கொண்டுவரும் விவசாயியின் வங்கிக் கணக்கு எண்ணையும் ஆதார் நகலையும் முதலில் கையில் வாங்குபவர் அவர்தான். அவருக்குப் புரியாத தாளில் அவர் கையெழுத்தை வாங்கி யாரைக் காப்பாற்றப் போகிறோம்?

கடவுச்சொல் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்து அலுவலகங்களில் நான் பார்த்த பாதிக் குழப்பத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. கணக்கு எழுதும் டாலி மென்பொருளுக்கு ஒரே ஒரு லாகின். நான்கு பேர் அதில் வேலை செய்வார்கள். கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருப்பார்கள். மேலாளர் விடுப்பில் போனால் ஓ.டி.பி.யைத் தொலைபேசியில் சொல்லுவார். யாரோ ஒருவர் பணப் பரிமாற்றத்தை முடிப்பார். வேலை நிற்காமல் நடக்கிறது என்று எல்லோருக்கும் திருப்தி. ஒரு பதிவு மாறிவிட்டது, ஒரு பட்டியல் வெளியே போய்விட்டது என்றால்தான் அதன் விலை தெரியும். நான்கு பேரில் யார் செய்தது என்று கணினி சொல்லாது. அப்போது, சந்தேகம் கடைசியாகச் சேர்ந்தவர் மீது விழும், அல்லது எதிர்த்துப் பேச முடியாதவர் மீது விழும். தனித்தனி லாகின் என்பது ஊழியரைக் கண்காணிக்கும் கருவி என்று பலர் எண்ணுகிறார்கள். குற்றம் செய்யாதவருக்கு அதுதான் ஒரே சாட்சி. இதைப் புரியவைத்த பிறகு, ஆலையில் தனி லாகின் வேண்டும் என்று முதலில் கேட்டவர்கள் கணக்குப் பிரிவுப் பெண்கள்தான்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றி அந்த 14 பக்கத்தில் ஒரு வரி இல்லை. ஆனால் எங்கள் அலுவலகத்தில் அவை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன. வங்கிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டும் என்றால், விவசாயி தமிழில் கொடுத்த மனுவை அப்படியே, கணக்கு எண்ணோடும் ஆதார் எண்ணோடும், சாட்ஜிபிடியில் போட்டு மொழிபெயர்க்கிறார்கள். எழுத்தர் சோம்பேறி இல்லை. ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் அவருக்கும் நடுவில் அவருக்குக் கிடைத்த ஒரே துணை அது. சாம்சங் நிறுவனத்தின் பொறியாளர்களே 2023-இல் உள் மென்பொருள் நிரல்களை அந்தச் செயலியில் போட்டுவிட, அந்த ஆண்டு மே மாதம் நிறுவனம் அத்தகைய செயலிகளுக்குத் தடை விதித்தது. நம் மத்திய நிதியமைச்சகமும் 2025 ஜனவரியில், அலுவலகக் கணினிகளில் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. எங்கள் அளவுக்கு முழுத் தடை சரிப்படாது என்று நினைக்கிறேன். தடை செய்தால் சொந்தக் கைபேசியில் செய்வார்கள். பெயர், கணக்கு எண், ஆதார் எண், கைபேசி எண் ஆகிய நான்கையும் நீக்கிவிட்டுத்தான் எதையும் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். இரண்டு மாதிரிக் கடிதங்களையும் இணைத்திருக்கிறேன்.

எது ரகசியம் என்பதில்தான் முதலாளிக்கும் எனக்கும் நீண்ட வாக்குவாதம் நடந்தது. விவசாயிகளின் பட்டியல், எந்த வியாபாரிக்கு என்ன விலை, தவிட்டை எந்த எண்ணெய் ஆலை எடுக்கிறது ஆகியவை ரகசியம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த ஆங்கில ஆவணம், வேலையில் கற்றுக்கொண்ட எல்லாமே நிறுவனத்தின் ரகசியம் என்றும், விலகிய பின் இரண்டு ஆண்டுகளுக்கு அதே தொழிலில் சேரக் கூடாது என்றும் சொன்னது. எங்கள் ஆலையில் நெல் அவிக்கும் பெரியவர், ஊறல் தொட்டியில் கைவிட்டுப் பார்த்தே இன்னும் எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்று சொல்லுவார். அந்தப் பதம் அவர் கையில் இருக்கிறது. எங்கள் கணினியில் இல்லை. திருபுவனத்தில் பட்டு நெய்பவரிடம் முதலாளி கொடுத்த புதிய டிசைனைப் படம் எடுத்து வேறு கடைக்கு அனுப்புவது துரோகம். ஆனால் நெய்யும் திறமையோடு அவர் வேறு தறிக்குப் போவது அவர் உரிமை. சுவாமிமலையில் மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டலைப் பூசி ஐம்பொன் வார்க்கும் கைப்பழக்கத்தை, பட்டறையை விட்டுப் போகும்போது ஒருவர் வாசலில் கழற்றி வைத்துவிட்டா போக முடியும்? இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 27-ஆம் பிரிவு, ஒருவர் சட்டபூர்வமான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. அந்தப் பத்தியை நான் எடுத்துவிட்டேன். ஊதியத்தைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது என்ற பத்தியையும் எடுத்துவிட்டேன். வருங்கால வைப்பு நிதி கட்டப்படவில்லை என்று அதிகாரியிடம் போய்ச் சொல்வது ரகசிய மீறல் ஆகாது என்று ஒரு வரியைச் சேர்த்தேன். ரகசியக் காப்பு என்ற பெயரில் அசல் பட்டச் சான்றிதழைப் பிடித்துவைக்கும் வழக்கம் நம் பகுதியில் இன்னும் இருக்கிறது. அது எந்த நிறுவனமாக இருந்தாலும் வெட்கக்கேடு.

கண்காணிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எடைமேடையில் சி.சி.டி.வி. இருக்கட்டும், அது விவசாயிக்கும் நல்லது. ஆனால் கொள்முதலுக்குப் போகும் ஊழியர்களின் சொந்தக் கைபேசியில், இருப்பிடம் காட்டும் செயலியை ஏற்றி இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருப்பதை நான் ஏற்கவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், ருமேனியாவில் அலுவலக யாஹூ மெசஞ்சரில் சொந்த விஷயம் பேசியதற்காக வேலைநீக்கம் செய்யப்பட்ட ஒருவரின் வழக்கில், தனிப்பட்ட பயன்பாட்டுக்குத் தடை இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தாலும், தன் செய்திகள் எந்த அளவுக்குப் படிக்கப்படும் என்பதை முன்கூட்டியே அவருக்குச் சொல்லவில்லை என்பதைக் கணக்கில் எடுத்து, அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. அதன் நியாயம் நமக்கும் பொருந்தும். எதைப் பார்ப்போம், எப்போது பார்ப்போம், யார் பார்ப்பார் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது, தவறு நடந்தவுடன் ஊழியர் வாய்திறக்கும் சூழல். செர்ட்-இன் என்ற மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணையின்படி, இணையவழிப் பாதுகாப்பு மீறல்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும். போலி இணைப்பைத் தவறுதலாக அழுத்திவிட்ட ஊழியர் வேலை போய்விடும் என்று பயந்து இரவு முழுவதும் சொல்லாமல் இருந்தால், நிறுவனத்துக்குத் தெரியாமலே அத்தனை நேரமும் இழப்பு நடந்துகொண்டிருக்கும். ஆகவே, கைபேசி தொலைந்ததையோ தவறான எண்ணுக்குப் பட்டியல் போய்விட்டதையோ அன்றே தானாக வந்து சொன்னவர் மீது அந்தக் காரணத்துக்காக நடவடிக்கை இல்லை என்று எழுதினேன். முதலாளி இதற்கு உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று முறை பேசினோம். நகைக்கடன் கிளையில் என் எதிரே உட்கார்ந்த அந்தப் பெண்மணியைப் பற்றிச் சொன்னேன். அந்த இளைஞர் முதல் நாளே வந்து சொல்லியிருந்தால், நான் அந்தப் பெண்மணியை நேரில் போய்ப் பார்த்திருப்பேன். சம்பந்தி வீட்டுக்குச் செய்தி போவதற்குள் நகையைத் திருப்ப ஒரு வழியையாவது யோசித்திருப்போம். கேட்டுக்கொண்டிருந்தவர், அந்த வரி இருக்கட்டும் என்றார்.

ஆறு ஆண்ட்ராய்டு கைபேசிகளும் ஆறு சிம் அட்டைகளும் வாங்க ஒப்புதல் கிடைத்திருக்கிறது. ஒரு லாரி நெல்லின் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. தமிழ் விதிகள் நான்கு பக்கத்தில் முடிந்தன. நேற்று மாலை எடைமேடைக்காரரிடம் கொடுத்து, படித்துப் பார்த்துப் புரியாத இடத்தில் கோடு போடச் சொன்னேன். இரண்டு இடத்தில் கோடு போட்டிருக்கிறார். ஒன்று 'அங்கீகரிக்கப்பட்ட பயன்பாடு' என்ற சொல். இன்னொன்று கேள்வி: விவசாயி தன் பக்கத்து வயல்காரருக்கு என்ன விலை போட்டீர்கள் என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அந்த இடத்தைத்தான் இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன்.