இ-பாஸ் பஸ் பயணிக்கு அல்ல

"இ-பாஸ் இல்லாவிட்டால் கொடைக்கானலுக்குப் பஸ்ஸில்கூடப் போக முடியாது, எல்லாம் 2024-லேயே மூடிவிட்டார்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இ-பாஸ் என்பது கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் ஏறும் வெளியூர் வாகனங்களுக்கு ஆன்லைனில் வாங்கும் அனுமதி. இரண்டுமே தவறு.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 அன்று தொடங்கியது வெறும் பதிவுதான். விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் பாஸ் கிடைத்தது. எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வந்தது 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனுக்கு: கொடைக்கானலில் வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000. ஊட்டிக்கு 6,000, 8,000. அரசுப் பஸ்களும் உள்ளூர் வாகனங்களும் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆகவே வத்தலக்குண்டில் பஸ் ஏறுகிறவர் எந்தப் பாஸையும் தேடி அலைய வேண்டியதில்லை.

கொடைக்கானல் ஊருக்குள் இருக்கும் "மூஞ்சிக்கல் நெரிசலுக்குப் பஸ்கள்தான் காரணம்" என்பதையும் ஏற்க முடியவில்லை. ஒரு பஸ் மூன்று கார்களின் நீளத்தை அடைக்கிறது, ஆனால் ஐம்பது பேரை இறக்கிவிடுகிறது. மூன்று கார்களில் வருவது பதினைந்து பேர். அதோடு பஸ் ஆளை இறக்கிவிட்டு நகர்ந்துவிடும். ஏழு ரோடு சந்திப்புப் பக்கம் ஓரமாக நிறுத்திவிட்டுச் சாக்லேட் வாங்கப் போன கார் எப்போது நகரும் என்று யாரால் சொல்ல முடியும்?

இ-பாஸைக் குறை சொல்ல வேண்டுமென்றால் நியாயமான குறை ஒன்று இருக்கிறது. மலைக்கு எத்தனை வண்டி ஏறலாம் என்று அது சொல்கிறது. ஏறிய வண்டியை எங்கே நிறுத்துவது என்பதற்கு அதில் பதில் இல்லை.