பூத் கணக்கை வைத்துத் தெருவைப் பிரிக்காதீர்கள்

ஓட்டு எண்ணி முடிந்த அன்று சாயங்காலமே டெல்டா கிராமங்களுக்கு ஒரு தாள் வந்துவிடும். தேர்தல் ஆணையம் அனுப்புவது அல்ல. எண்ணும் மேசைக்கு எதிரே கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வேட்பாளரின் ஏஜெண்ட், ஓட்டு மிஷினின் கண்ட்ரோல் யூனிட்டில் ஓடும் எண்களைப் பார்த்துக் கையால் எழுதியது. பூத் எண், வேட்பாளர் வாரியாக விழுந்த ஓட்டு, கடைசியில் கூட்டுத்தொகை. தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் கல்லூரி வாசலில் எடுத்த போட்டோ ராத்திரிக்குள் ஊர் வாட்ஸப் குழுவில் இருக்கும். மறுநாள் காலை டீக்கடையில் பேச்சு இப்படித்தான் தொடங்கும்: "அந்த பூத்துல நமக்கு வெறும் 112 விழுந்திருக்கு. அந்தத் தெருக்காரங்க காலை வாரிட்டாங்க."

தோற்ற கட்சியோ ஜெயித்த கட்சியோ, முடிவுக்குப் பிறகு டெல்டாவில் வரும் சண்டையில் பெரும்பகுதி இந்தத் தாளிலிருந்து பிறக்கிறது. சென்னையில் ஒரு பூத் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றே தெரியாத ஆயிரம் பேர். இங்கே ஒரு பூத் என்றால் மேலத்தெரு, கீழத்தெரு, காலனி. எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்பது குழந்தைக்கும் தெரியும். அதனால் பூத் கணக்கைப் படிப்பவர்கள் எண்ணைப் படிப்பதில்லை, சாதியைப் படிக்கிறார்கள். இதை மென்று முழுங்கிப் பேசிப் பயனில்லை.

அந்தத் தாள் சொல்வதாக நினைக்கும் விஷயத்தை அது சொல்லவே இல்லை. ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பட்டியலில் 1,100 பேர். மேலத்தெரு 420, கீழத்தெரு 380, காலனி 300. பதிவான ஓட்டு 780. 'அ' வேட்பாளருக்கு 402, 'ஆ' வேட்பாளருக்கு 318, மற்றவர்களுக்கும் நோட்டாவுக்கும் சேர்த்து 60. காலனியிலிருந்து 240 பேர் வந்து போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 'ஆ' வாங்கிய 318-ல் காலனி 200, மற்ற தெருக்கள் 118 என்றும் இருக்கலாம். காலனி 60, மற்ற தெருக்கள் 258 என்றும் இருக்கலாம். இரண்டுமே கணக்கில் சரியாகப் பொருந்தும். எது நடந்தது என்று இந்தத் தாளை வைத்து யாராலும் சொல்ல முடியாது. 'அ' 84 ஓட்டு முன்னே என்றால் பெரிய இடைவெளி போலத் தெரியும். 43 பேர் மாற்றிப் போட்டிருந்தால் அந்த பூத்தே புரண்டிருக்கும். அந்த 43 பேர் மூன்று தெருவிலும் கலந்து இருப்பார்கள்.

இதோடு போகவில்லை. தேர்தல் பணிக்குப் போன ஆசிரியர், போலீஸ்காரர் ஆகியோரின் தபால் ஓட்டு தொகுதிக் கணக்கில்தான் சேரும், பூத் கணக்கில் வராது. 85 வயதைத் தாண்டியவர்களும் 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுள்ளவர்களும் 12டி படிவம் கொடுத்து வீட்டிலேயே போடும் ஓட்டும் அப்படித்தான். மறுபக்கம், பணிச் சான்று வாங்கிக்கொண்டு உங்கள் ஊர் பூத்தில் டூட்டி பார்த்த வெளியூர் அலுவலர் தன் ஓட்டை உங்கள் மிஷினிலேயே போட்டிருக்கலாம். திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருப்பவர்கள் பட்டியலில் இருப்பார்கள், வரிசையில் இருக்க மாட்டார்கள். "320 தலை இருக்கு, 112தான் வந்துச்சு, மீதி 208 துரோகம்" என்று போடுகிற கணக்கில் பாதிப் பேர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை.

காட்டுமன்னார்கோவிலை நினைத்துப் பாருங்கள். 2016 சட்டமன்றத் தேர்தலில் தொல். திருமாவளவன் அங்கே 87 ஓட்டில் தோற்றார். தொகுதியில் இருக்கும் பூத்களுக்குப் பிரித்தால் பூத்துக்கு அரை ஓட்டுகூட வராது. 44 பேர் மனம் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். அந்த 44 பேர் எந்த ஊர், எந்தத் தெரு? எல்லா ஊரையும் சொல்லலாம், எந்த ஊரையும் சொல்ல முடியாது. வித்தியாசம் குறையக் குறையப் பழி சொல்லும் ஆத்திரம் கூடுகிறது. கணக்கோ நேர் எதிராகச் சொல்கிறது: வித்தியாசம் குறைந்தால் எந்த ஒரு தெருவையும் காரணம் காட்ட முடியாது.

பிறகு ஏன் இந்தத் தாளுக்கு இவ்வளவு மதிப்பு? காசு. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் அரைகுறை. 2016 மே மாதம் நடக்க வேண்டிய தஞ்சாவூர் தொகுதித் தேர்தலைப் பணப் பட்டுவாடா காரணமாக ஆணையமே ரத்து செய்து, அந்த ஆண்டு நவம்பர் 19-ல் நடத்தியது. பணம் பூத் வாரியாகத்தான் இறங்குகிறது. கொடுத்தவருக்குத் தனி ஆள் யாருக்குப் போட்டார் என்று தெரியாது, மொத்தக் கணக்கு தெரியும். அதை வைத்து, பிரித்துக் கொடுத்தவரைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்கிறார்கள். அவர் தன் மேல் பழி வராமல் இருக்க ஒரு தெருவைக் கைகாட்டுகிறார். கவர் வாங்கிய மேலத்தெருவை யாரும் திட்டுவதில்லை. "காசு வாங்கிட்டு ஏமாத்திட்டாங்க" என்ற வசை எப்போதும் காலனிப் பக்கம்தான் போகிறது. இது அநியாயம்.

அடுத்து நடப்பது எல்லோருக்கும் தெரியும். மே மாதம் முடிவு வருகிறது என்றால் ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன் தூர்வாரும் வேலை ஓடிக்கொண்டிருக்கும். எந்த வாய்க்காலுக்கு முதலில் மிஷின் போகிறது, எந்த வாய்க்காலைக் கடைசியில் "பில் பாஸ் ஆகலை" என்று விட்டுவிடுகிறார்கள் என்பதில் பழி தீரும். நூறு நாள் வேலையில் பெயர் நீக்கப்படும். நடவுக்கு ஆள் கூப்பிடும்போது ஒரு தெரு விடுபடும். கொள்முதல் நிலையத்தில் மூட்டை பின்னுக்குத் தள்ளப்படும். கோயில் வாசலில் நிற்க வைத்து "சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணு, யாருக்குப் போட்டே?" என்று கேட்பதும் உண்டு. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 94-வது பிரிவின்படி யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று சொல்லச் சொல்லி எந்தச் சாட்சியையும் கட்டாயப்படுத்த முடியாது. உயர் நீதிமன்றத்தில் கேட்கக் கூடாத கேள்வியை மாரியம்மன் வாசலில் கேட்க யாருக்கு அதிகாரம்?

பாதிக்கப்படுகிறவர்கள் பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் என்றால் இன்னொரு சட்டமும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் கொண்டுவந்து, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் 3(1) பிரிவின் உட்பிரிவுகளைப் படியுங்கள். வாக்குப்பதிவுக்குப் பிறகு அடிப்பது, சமூக அல்லது பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வது அல்லது செய்வதாக மிரட்டுவது, சேர வேண்டிய அரசுச் சேவையைத் தடுப்பது எல்லாம் தனிக் குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. வேலைக்குக் கூப்பிடாமல் விட்டதை நிரூபிக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். "உங்க தெரு ஓட்டுப் போடல, இனி வேலை இல்லை" என்று வாட்ஸப்பில் வந்த குரல் பதிவு போதும். அதை அழிக்காமல், யார் அனுப்பியது, எந்தத் தேதி, எந்தக் குழு என்பதோடு வைத்திருங்கள். கொள்ளிடத்துக்கு வடக்கே பொன்பரப்பியில் 2019 ஏப்ரல் 18 வாக்குப்பதிவு நாளன்றே தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. அவ்வளவு தூரம் போன பிறகு சட்டம் தேடுவதைவிட முதல் மிரட்டலிலேயே புகார் கொடுப்பது நல்லது.

இனி தோற்ற பக்கத்தின் இன்னொரு பேச்சு: ஓட்டு மிஷின். "காலையில நாமதான் லீடிங், மத்தியானம் எப்படி மாறுச்சு?" வழக்கமாக ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 14 மேசை. முதல் சுற்றில் 1 முதல் 14 வரை உள்ள பூத், அடுத்த சுற்றில் 15 முதல் 28. பூத் எண்கள் ஊர் அடுக்காகப் போகும். அதனால் முதல் நாலு சுற்று என்பது தொகுதியின் ஒரு மூலை மட்டும். உங்கள் கட்சிக்குப் பலமான மூலை முதலில் வந்தால் லீடிங் வரும், டவுன் பூத்கள் வந்ததும் கரையும். இதில் மர்மம் இல்லை.

உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் பிடிக்க வேண்டியது 17சி படிவம். ஓட்டுப்பதிவு முடிந்ததும் பூத்திலேயே ஏஜெண்டுக்கு நகல் தர வேண்டும். பட்டியலில் எத்தனை பேர், 17ஏ பதிவேட்டில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள், கையெழுத்துப் போட்டும் ஓட்டுப் போடாமல் போனவர் எத்தனை பேர், மிஷினில் பதிவான மொத்தம் எவ்வளவு என்று அதில் இருக்கும். மிஷின் எண்ணும் சீல் எண்ணும் இருக்கும். எண்ணும் நாளில் மேசைக்கு வரும் மிஷினில் அதே எண், அதே மொத்தம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கவுண்டிங் ஏஜெண்டின் முதல் வேலை. பல ஏஜெண்டுகள் ராத்திரி பசியில் 17சி வாங்காமலே கிளம்பிவிடுகிறார்கள், அல்லது வாங்கிச் சட்டைப்பையில் மடித்துத் தொலைத்துவிடுகிறார்கள். பிறகு ஆறு மாதம் "மிஷின் மிஷின்" என்று பேசுவது வீண். வெளியே வந்ததும் நாலு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

கணக்கு ஒத்துப்போகாத பூத்தும் சில சமயம் வரும். அடிக்கடி காரணம் மாதிரி வாக்குப்பதிவு. காலையில் குறைந்தது 50 ஓட்டுப் போட்டுக் காட்டுவார்கள், அதை அழித்த பிறகுதான் உண்மையான ஓட்டு தொடங்க வேண்டும். அலுவலர் அவசரத்தில் அழிக்க மறந்தால் மொத்தத்தில் அந்த 50 கூடி நிற்கும். அந்த மிஷினை ஒதுக்கி வைப்பார்கள். வெற்றி வித்தியாசம் அந்த பூத்களின் மொத்த ஓட்டுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் விவிபாட் சீட்டை, அதாவது ஒவ்வொரு ஓட்டுக்கும் அச்சாகிப் பெட்டியில் விழும் காகிதச் சீட்டை, எண்ணிச் சேர்ப்பார்கள். இதைத் தவிர ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் குலுக்கலில் எடுக்கும் 5 பூத்தின் சீட்டை எண்ணி ஒப்பிடுவார்கள். குலுக்கல் நடக்கும்போது உங்கள் ஏஜெண்ட் அந்த அறையில் இருக்க வேண்டும்.

மறு எண்ணிக்கை கேட்பதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். மொத்தத்தை வாசித்த பிறகு, வெற்றி பெற்றவரை அறிவிப்பதற்கு முன், காரணம் எழுதிக் கையெழுத்திட்டு மனு கொடுக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் போனால் தேர்தல் நடத்தும் அலுவலர் கையில் ஒன்றும் இல்லை. "சந்தேகமா இருக்கு" என்று எழுதினால் தள்ளுபடி. எந்தச் சுற்று, எந்த மேசை, எந்தத் தபால் ஓட்டுக்கட்டு, எத்தனை என்று எழுத வேண்டும். இரண்டாவது, மூன்றாவது வந்த வேட்பாளர்கள் 5 சதவீத மிஷின்களின் நினைவகத்தைச் சோதிக்கச் சொல்லி எழுத்தில் கேட்கலாம். 2024 ஏப்ரல் 26 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் வந்த வழி இது. கட்டணம் கட்ட வேண்டும். முறைகேடு தெரிந்தால் பணம் திரும்ப வரும். கெடு 7 நாள். அதன் பிறகு தேர்தல் வழக்கு: 45 நாளுக்குள், உயர் நீதிமன்றத்தில், 2,000 ரூபாய் வைப்புத் தொகையோடு. வேட்பாளர்தான் போட வேண்டும் என்பதில்லை, அந்தத் தொகுதியின் எந்த வாக்காளரும் போடலாம்.

வழக்கு மெதுவாகத்தான் போகும். ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் 2016-ல் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. தபால் ஓட்டில் சான்றொப்பம் போட்ட தலைமை ஆசிரியருக்கு அந்தத் தகுதி உண்டா என்பதே சண்டை. 2019 அக்டோபரில் மறு எண்ணிக்கை நடந்தது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது, சட்டமன்றத்தின் ஆயுளும் முடிந்துபோனது. இந்தத் தாமதம் தவறுதான். ஆனாலும் ஆதாரத்தோடு அந்தக் கதவைத் தட்டுகிறவர் அடுத்த வீட்டுக் கதவை உதைக்க மாட்டார்.

ஜெயித்தவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான். சரவெடியைத் தோற்றவர் வாசலில் கொளுத்தாதீர்கள். ஊர்வலத்தை வழக்கமாகச் சாமி போகும் பாதையில் கொண்டுபோய் இருட்டுவதற்குள் கலைத்துவிடுங்கள்.

பூத் கணக்கு வெளியே தெரிவதை நிறுத்தவும் வழி இருக்கிறது. ஓட்டுச்சீட்டு காலத்தில், தேவைப்படும் தொகுதிகளில் பல பூத் சீட்டுகளைக் கலந்து எண்ண விதியே இருந்தது. எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று தெரியாமல் இருக்கத்தான் அது. மிஷின் வந்ததும் அந்த மறைப்பு போய்விட்டது. அதற்கு மாற்றுதான் டோட்டலைசர்: 14 பூத் மிஷின்களை ஒன்றாக இணைத்து மொத்தத்தை மட்டும் காட்டும் கருவி. தேர்தல் ஆணையம் 2008-லேயே பரிந்துரைத்தது. சட்ட ஆணையம் 2015-ல் தன் 255-வது அறிக்கையில் ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. பூத் வாரியாகத் தெரிந்தால் எந்த ஊரில் வேலை குறைவு என்று கட்சிகள் தெரிந்துகொள்ளலாம் என்பது எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணம். அந்த வசதிக்கு விலை கொடுப்பது காலனி என்பதை அவர்கள் பார்க்கவில்லை.

இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். 1961 தேர்தல் நடத்தும் விதிகளைத் திருத்தினால் போதும். ஆணையத்தைக் கலந்துகொண்டு மத்திய அரசே செய்யலாம். தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மூன்று தொகுதி எம்.பி.க்களும் எந்தக் கட்சியாக இருந்தாலும் நாடாளுமன்றத்தில் இதைக் கேட்க வேண்டும். கிராமசபையில் தீர்மானம் போட்டு அனுப்ப ஒரு பக்கம் போதும். அதில் மேலத்தெரு, கீழத்தெரு, காலனி மூன்றின் கையெழுத்தும் இருக்கட்டும்.